நைட் மோட் போட்டும் தூக்கம் வரவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

இரவில் போன் பார்த்தால் தூக்கம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எப்படிக் கெடுகிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நீல ஒளி. அதனால் நைட் மோட் போடுகிறார்கள், மஞ்சள் கண்ணாடி வாங்குகிறார்கள், இரண்டு வாரம் கழித்தும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்கிறார்கள். பிறகு தனக்கு எதுவும் சரிப்பட்டு வராது என்று விட்டுவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அவர்களில் பலருடைய பிரச்சினை சரிசெய்யக்கூடியதுதான், கோளாறு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கை வைத்திருக்கிறார்கள்.

திரையின் வெளிச்சம் உடலின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளலாம். பார்த்த விஷயம் மனதைக் கிளறிவிடலாம். இரண்டும் இல்லாமல், தூங்க வேண்டிய நேரத்தைப் போன் அப்படியே தின்றுவிடலாம். படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று உடல் பழகியும் போகலாம். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்குக் கேட்காது, அதனால் கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் தேடிப் படியுங்கள். இரண்டு பொருந்தினால் ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள், எது பலித்தது என்றே தெரியாமல் போய்விடும்.

முதலில் ஒரு வாரம் எழுதி வையுங்கள்

காலையில் எழுந்ததும் நான்கு விஷயங்கள்: விளக்கை அணைத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம், எழுந்த நேரம், கடைசியாகத் திரையில் என்ன பார்த்தீர்கள் என்பது. நிமிடக் கணக்கு வேண்டாம், இரவில் எழுந்து மணி பார்த்து எழுதவும் வேண்டாம். போனிலேயே எந்த மணி நேரத்தில் எவ்வளவு பயன்படுத்தினீர்கள், எத்தனை தடவை கையில் எடுத்தீர்கள் என்ற கணக்கு இருக்கும், அதையும் பாருங்கள். நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கும் அந்தக் கணக்குக்கும் நிறைய வித்தியாசம் இருக்கலாம்.

அறிகுறி: சீக்கிரம் படுத்தால் தூக்கமே வருவதில்லை, ஒரு மணிக்குப் படுத்தால் உடனே வருகிறது. காலையில் எழவே முடியவில்லை

விடுமுறை நாளில் உங்கள் இஷ்டத்துக்கு ஒரு மணிக்குப் படுத்து ஒன்பது மணிக்கு எழுந்தால் நன்றாகத் தூங்கிய திருப்தி இருக்கிறதா? அப்படியானால் உங்கள் தூக்கத்தில் பெரிய கோளாறு எதுவும் இல்லை, கடிகாரம்தான் தள்ளிப்போயிருக்கிறது. வெளிச்சம் உண்மையிலேயே குற்றவாளியாக இருப்பது இங்கேதான்.

கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் போக, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் தனி செல்கள் உண்டு. அவற்றில் இருக்கும் மெலனாப்சின் என்ற நிறமி சுமார் 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அதாவது நீல நிறப் பகுதிக்கு, அதிகமாக அசைந்துகொடுக்கும். செய்தி நேராக மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் மையக் கடிகாரத்துக்குப் போகிறது, அது இன்னும் பகல்தான் என்று முடிவுசெய்து, இரவாகிவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தடுத்து வைக்கிறது. மனிதக் கடிகாரத்தின் இயல்பான சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், ஏறக்குறைய 24.2 மணி. ஆகவே சும்மா விட்டாலே அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகப் பார்க்கும். காலை வெளிச்சம் அதை முன்னுக்கு இழுக்கிறது, இரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளுகிறது. காலை முழுக்க அறைக்குள்ளேயே இருந்துவிட்டு இரவெல்லாம் திரைமுன் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

இதில் போனின் பங்கு எவ்வளவு என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியாகி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 12 பேர், தொடர்ந்து 5 இரவுகள், படுக்கும்முன் 4 மணி நேரம் முழு பிரைட்னஸில் டேப்லெட்டில் வாசித்தார்கள், இன்னொரு 5 இரவுகள் அச்சுப் புத்தகம் வாசித்தார்கள். டேப்லெட் நாட்களில் அவர்களுடைய மெலடோனின் சுரப்பு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. ஆனால் தூங்கப் பிடித்த கூடுதல் நேரம் சராசரியாகப் பத்து நிமிடம்தான். இந்தப் பத்து நிமிடத்தை மனதில் வையுங்கள். நீங்கள் படுத்து ஒன்றரை மணி நேரம் புரண்டுகொண்டிருந்தால், அத்தனை பழியையும் திரையின் வெளிச்சத்தின் மேல் மட்டும் போட முடியாது.

இன்னொன்று, நீங்கள் பகலில் எவ்வளவு வெளிச்சம் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்து இரவு வெளிச்சத்தின் பாதிப்பு மாறுகிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஆய்வில், பகலில் ஆறரை மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்கள் மாலையில் 2 மணி நேரம் டேப்லெட்டில் வாசித்தபோது அவர்களுடைய மெலடோனினிலோ தூக்கத்திலோ குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் வழி காட்டுகிறது.

ஆகவே செய்ய வேண்டியதன் வரிசை இப்படி. முதலில் காலை. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரைமணி நேரமாவது வெளியே இருங்கள். ஜன்னல் ஓரம் அந்த அளவுக்குப் பலன் தராது. லக்ஸ் என்ற வெளிச்ச அளவில் சொன்னால், மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும், வீட்டு அறையில் ஒன்றிரண்டு நூறுதான். அடுத்தது இரவில் அறை விளக்கு, இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கையில் பிடித்த போன் கண்ணுக்கு அனுப்பும் வெளிச்சம் பெரும்பாலும் சில பத்து லக்ஸுக்குள் அடங்கிவிடும், தலைக்கு மேல் எரியும் வெள்ளை எல்இடி அதைவிட அதிகம். போனில் நைட் மோட் போட்டுவிட்டு அந்த விளக்குக்குக் கீழேயே பதினொரு மணிவரை உட்கார்ந்திருப்பதில் என்ன பயன்? ஆராய்ச்சியாளர்கள் 2022-இல் கூடி வெளியிட்ட பரிந்துரைப்படி, படுக்கும்முன் 3 மணி நேரம் கண்ணுக்கு வரும் வெளிச்சம், அந்த மெலனாப்சின் செல்கள் உணரும் கணக்கில், 10 லக்ஸைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பகலில் குறைந்தது 250 வேண்டும். அளந்துகொண்டிருக்க வேண்டாம், மேல் விளக்கை அணைத்துவிட்டு மூலையில் ஒரு மஞ்சள் விளக்கை மட்டும் எரியவிடுங்கள். போனின் பிரைட்னஸைக் குறைப்பது மூன்றாவது வேலை. நைட் மோட் நான்காவது.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நைட் மோட் நிறத்தை மஞ்சளாக்குகிறது, பிரைட்னஸ் முழுதாகவே இருந்தால் கண்ணுக்குப் போகும் மொத்த வெளிச்சம் போதிய அளவு குறையாது. கண்ணாடி விஷயத்திலும் இதே எச்சரிக்கை. நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகளைப் பற்றி பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2023-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, தூக்கத்துக்கு அவை உதவுகின்றன என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. புதிதாக வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள்.

எழும் நேரத்தை விடுமுறை நாளிலும் ஒரே மாதிரி வையுங்கள். படுக்கும் நேரத்தை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவர முயன்றால் படுக்கையில் சும்மா கிடப்பீர்கள், அது இன்னொரு கோளாறுக்கு வழி. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால்மணி நேரம் நகர்த்தினால் போதும்.

அறிகுறி: கண் சொக்குகிறது, ஆனாலும் போனைக் கீழே வைக்க முடியவில்லை

இது தூக்கமின்மையே அல்ல. உங்களுக்குத் தூக்கம் வந்துவிட்டது, நீங்கள்தான் அதை விடவில்லை. அந்தக் கணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்: ஒரு வீடியோ முடிகிறது, சரி இதோடு போதும் என்று கட்டைவிரல் ஓரத்துக்குப் போகிறது, அதற்குள் அடுத்தது தானாக ஆரம்பித்துவிடுகிறது, முதல் மூன்று வினாடி பார்த்தாகிவிட்டது, முகத்தில் போன் விழப்போகும் அளவுக்குக் கண் மூடுகிறது, விரல் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. முடிவே இல்லாதபடி செய்யப்பட்ட ஒன்றின் முன்னால் மனவுறுதியை மட்டும் நம்பி உட்காருவது நியாயமான போட்டி இல்லை. அதனால் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

இங்கே எந்த ஃபில்டரும் உதவாது. போன் படுக்கையிலிருந்து கைக்கெட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், முடிந்தால் வேறு அறையில். அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்றால் தனியாக ஒரு அலாரம் கடிகாரம் வாங்குங்கள், இந்தப் பட்டியலிலேயே பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது அது ஒன்றுதான். இரவில் யாராவது அவசரமாக அழைப்பார்கள் என்ற பயம் இருந்தால் ரிங்டோனை மட்டும் சத்தமாக வைத்துவிட்டு மற்ற எல்லா நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைப்பது, திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவது, இவையெல்லாம் சிலருக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். தூரமாக வைப்பதற்கு அவை ஈடாகாது.

ஆனால் இதன் வேர் பெரும்பாலும் இரவில் இல்லை. நாள் முழுக்க வேலை, வீடு, பிள்ளைகள், அடுத்தவர் தேவை என்று ஓடியவருக்கு இரவு பத்தரைக்கு மேல்தான் தனக்கென்று ஒரு அரைமணி கிடைக்கிறது. அதை விட்டுக்கொடுக்க மனம் வராது, வரவும் கூடாது. அந்த அரைமணியை நாளில் முன்னால் எங்காவது கொண்டுவர முடியுமா என்று வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். மாலையில் இருபது நிமிடம் யாரும் கூப்பிடாமல் இருந்தாலே இரவில் போனின் பிடி தளரும். இதைச் செய்யாமல் போனை மட்டும் பிடுங்கினால் நாலாவது நாள் திரும்ப எடுத்துவிடுவீர்கள்.

அறிகுறி: போனை வைத்துவிட்டேன், விளக்கையும் அணைத்துவிட்டேன், மனம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது

கடைசி அரைமணியில் என்ன பார்த்தீர்கள் என்று உங்கள் குறிப்பில் தேடுங்கள். மேலதிகாரியின் மெயில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம், கெட்ட செய்தி, வங்கிக் கணக்கு, ஜெயிக்கும் தறுவாயில் தோற்ற ஒரு கேம். இவை எல்லாம் உங்களிடம் ஏதோ ஒரு பதிலை எதிர்பார்க்கும் விஷயங்கள், பதில் சொல்லாமல் படுத்தால் மனம் இருட்டிலே பதில் எழுதிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே பார்த்த ஒரு பழைய நகைச்சுவைத் தொடரைத் தள்ளி வைத்த டிவியில் பார்ப்பதும் திரைதான், ஆனால் இந்த அளவுக்குக் கெடுக்காது. ஆகவே திரையே கூடாது என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை, எதைப் பார்க்கிறீர்கள் என்பதை மாற்றினால் போதும். பதில் கேட்கும் எதையும் படுக்கும்முன் ஒரு மணி நேரம் திறக்காதீர்கள்.

நாளைய வேலைகள்தான் மனதில் ஓடுகின்றன என்றால் காகிதத்தில் எழுதிவிடுங்கள். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும்முன் ஐந்து நிமிடம் இனி செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போட்டவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு நல்லது. ஆகவே "ஆபீஸ் வேலை" என்று மொட்டையாக எழுதாமல், யாருக்கு எதை எப்போது அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள்.

அறிகுறி: சோபாவில் டிவி பார்த்தபடியே தூங்கிவிடுகிறேன், எழுந்து படுக்கைக்குப் போனால் விழிப்பு வந்துவிடுகிறது

படுக்கையில் மணிக்கணக்கில் போன் பார்த்து, வேலை பார்த்து, கவலைப்பட்டுப் பழகியவர்களுக்கு வரும் அறிகுறி இது. உடல் படுக்கையை விழித்திருக்கும் இடமாகக் கற்றுக்கொண்டுவிட்டது. இதற்கான முறையை ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-லேயே வகுத்துவிட்டார், செல்போன் நம் கைக்கு வருவதற்கு ரொம்ப முன்பு, இன்றைக்கும் அதுதான் பயன்படுகிறது. படுக்கை தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும். தூக்கம் வந்தால்தான் படுக்க வேண்டும். உத்தேசமாக இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் துணி மடிப்பது போல ஏதாவது சலிப்பூட்டும் வேலை செய்து, கண் சொக்கியதும் திரும்ப வர வேண்டும். அன்றிரவே நான்கு தடவை எழ நேர்ந்தாலும் சரி. காலையில் வழக்கமான நேரத்துக்கு எழ வேண்டும், பகலில் தூங்கக் கூடாது.

முதல் வாரம் கொடுமையாக இருக்கும், இதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. பகலில் அலுப்பு கூடும், முன்பைவிட மோசமாகிவிட்டது என்றே தோன்றும். அந்த அலுப்புதான் இரவில் தூக்கத்தை அழுத்தமாகக் கொண்டுவரும், ஆகவே பாதியில் விடாதீர்கள். வண்டி ஓட்டுபவர்கள், இயந்திரத்தில் வேலை செய்பவர்கள் மட்டும் இதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. இரவு எட்டு மணி வாக்கில் சோபாவில் கண் அயரும் அந்தக் குட்டித் தூக்கத்தையும் நிறுத்த வேண்டும், அது இரவுக்கான பசியைக் கெடுக்கும் நொறுக்குத்தீனி போன்றது.

அறிகுறி: நடுராத்திரி விழிப்பு வந்தால் திரும்பத் தூக்கமே வருவதில்லை

இரவில் சில தடவை விழிப்பது எல்லோருக்கும் நடப்பது, ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், சுற்றுகளுக்கு இடையில் லேசாக விழித்துத் திரும்பத் தூங்கிவிடுவோம், காலையில் நினைவுகூட இருக்காது. கெடுப்பது அதற்குப் பிறகு நடப்பதுதான். மணி என்ன என்று பார்க்கப் போனைத் தொடுகிறீர்கள், 3:10. இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறீர்கள், அந்தக் கணக்கே பதற்றம். திரையில் இரண்டு மெசேஜ் தெரிகிறது, ஒன்றைத் திறக்கிறீர்கள். அவ்வளவுதான், மூளை வேலைக்குக் கிளம்பிவிட்டது.

மணி பார்க்காதீர்கள். சுவர்க் கடிகாரம் இருந்தால் அதையும் திருப்பி வையுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் போன் டார்ச்சுக்குப் பதிலாகத் தரையோரம் ஒரு சின்ன மங்கலான விளக்கு வையுங்கள். ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு தூங்குபவர்கள் அதைச் சில வாரம் கழற்றி வைத்துப் பாருங்கள், தூக்கத்துக்கு மதிப்பெண் போடும் கருவியே கவலைக்குக் காரணமாகிவிடுவது மருத்துவர்கள் கவனித்துப் பெயர் வைக்கும் அளவுக்குப் பரவியிருக்கிறது.

அறிகுறி: பிள்ளை இரவில் தூங்க மறுக்கிறது

சின்னக் குழந்தைகளின் கண்மணி பெரிது, கண்ணின் லென்ஸ் தெளிவானது, ஆகவே அதே வெளிச்சம் பெரியவர்களைவிட அவர்களை அதிகமாகத் தாக்கும். பாலர் வயதுக் குழந்தைகளுக்குப் படுக்கும்முன் ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சம் காட்டி அமெரிக்காவின் கொலராடோவில் பரிசோதித்தபோது மெலடோனின் ஏறக்குறைய 88 சதவீதம் அடங்கிப்போனது. பெரியவர்களுக்கு நான் சொன்ன தளர்வு எதுவும் குழந்தைகளுக்குப் பொருந்தாது. படுக்கும்முன் ஒரு மணி நேரம் திரை வேண்டாம், அறை விளக்கும் மங்கலாக இருக்கட்டும்.

பதின்ம வயதில் கடிகாரம் இயல்பாகவே தாமதமாகிறது, அது திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. அவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை, போன் அதில் கை வைக்கிறது. பிள்ளையின் போனை மட்டும் பிடுங்குவதைவிட வீட்டில் எல்லோருடைய போனும் இரவு ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும் சேர்த்து. மெலடோனின் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: வேலையே இரவில் கணினி முன்னால்தான், தவிர்க்க வழியில்லை

திரையைத் தவிர்க்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். பிரைட்னஸை வசதியாகப் படிக்க முடியும் அளவுக்குக் குறையுங்கள், நிறத்தை மஞ்சளாக்குங்கள், திரையைத் தள்ளி வையுங்கள், பகலில் கட்டாயம் வெளியே போங்கள். வேலை முடிந்ததும் நேராகப் படுக்காமல் முக்கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், அந்த இடைவெளியில் காதால் கேட்பது எதுவும் பரவாயில்லை. மாலைக்கு மேல் குடிக்கும் காபியையும் கவனியுங்கள், உள்ளே போன கஃபீனில் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும், திரைமேல் போடும் பழியில் ஒரு பங்கு அதனுடையது.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, ஒரு மாதமாகியும் மாற்றமில்லை

அப்படியானால் காரணம் திரையாக இல்லாமல் இருக்கலாம். பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், இடையில் மூச்சு நின்று திணறுகிறீர்கள் என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னால் உடனே மருத்துவரைப் பாருங்கள். இரவில் படுத்ததும் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத ஒரு குடைச்சல், வாரக்கணக்கில் விலகாத மனச்சோர்வு, இவற்றுக்கும் அதேதான். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு அது மூன்று மாதமாகத் தொடர்கிறது என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு மாத்திரைக்கு முன்பாகத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (CBT-I), அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சையை, தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. மருத்துவரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள், எடுத்ததும் மாத்திரை எழுதினால் இது கிடைக்குமா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறது என்றால் ஒரு மாதமெல்லாம் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போய்ப் பாருங்கள், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.